இரண்டு அங்குல மாதிரித் துணி

“சாம்பல் கலர்தான் சார். இதுல சந்தேகமே வேண்டாம்” என்றார் பி.டி. மாஸ்டர்.

“சாம்பல்னா? அடுப்புச் சாம்பலா, சிகரெட் சாம்பலா?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

“பழுப்பு சார், பழுப்பு” என்றாள் கணக்கு டீச்சர். “நல்லாப் பாருங்க.”

தலைமையாசிரியர் நல்லாத்தான் பார்த்தார். ஜன்னலோரம் போய்ப் பார்த்தார், கதவு நிழலில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். இரண்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். சுற்றறிக்கையின் மூலையில் குண்டூசியில் தொங்கிக்கொண்டு வந்த துண்டு. வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்தது, நிழலில் சாம்பலாக மாறியது, சாய்த்துப் பிடித்தால் உள்ளுக்குள் லேசாக ஒரு நீலம் எட்டிப்பார்த்தது.

“தையல் டீச்சரைக் கூப்பிடுங்க” என்றார் கடைசியில். எண்பத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் அந்தச் சின்ன உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பிரச்சினையும் கடைசியில் அவளிடம்தான் போய் நிற்கும்.

தையல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஊசி’. ஆள் ஒல்லி என்பதால் இல்லை, கண் அப்படி. பிரேயரில் நிற்கும்போதே கடைசி வரிசைப் பையனின் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நூலில் தைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாகப் பகுதிநேர ஆசிரியை. வேலை மட்டும் முழுநேரம்.

அவள் வந்து சுற்றறிக்கையை முதலில் படித்தாள். ‘இத்துடன் இணைக்கப்பட்டுள்ள மாதிரித் துணியின் நிறத்திலேயே அனைத்து மாணவ மாணவியரும் மேற்சட்டை அணிந்திருத்தல் வேண்டும். நிறத்தில் எவ்வித மாறுபாடும் ஏற்கப்பட மாட்டாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் ஆய்வு செய்வார். ஒன்பது, பத்தாம் வகுப்புகள் இப்பள்ளியில் தொடர்வது குறித்து அன்றே முடிவு செய்யப்படும்.’

கடைசி வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

“அந்த ரெண்டு கிளாஸும் போச்சுன்னா பிள்ளைங்க டவுன் ஸ்கூலுக்குத்தானே சார் போகணும்?”

“ஆமா. பதினாலு கிலோமீட்டர். காலைல ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதுவும் வந்தா வந்தது.”

“பசங்க சைக்கிள்ல போயிடுவாங்க. பொண்ணுங்க?”

அந்த இரண்டு வகுப்பிலும் இருபத்து மூன்று பெண்கள். டீச்சருக்குப் பதில் தெரியும். அவளே எட்டாவதோடு வீட்டில் உட்கார வைக்கப்பட்டவள். மீதிப் படிப்பைக் கல்யாணத்துக்கு அப்புறம், தையல் மெஷினில் ஒரு காலும் தபாலில் வந்த பாடத்தில் ஒரு கண்ணுமாக முடித்தவள். இருபத்து மூன்று பேரும் அந்த மாதிரி உட்கார்ந்துவிடக் கூடாது என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“ஆபீசுக்குப் போன் போட்டு என்ன கலர்னு கேட்டுடுங்களேன் சார்.”

“போட்டேனே! ‘மாதிரி இணைச்சிருக்கோம், கண்ணு தெரியலையா’ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாங்க.”

டீச்சர் துண்டைக் குண்டூசியிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “குடுங்க சார். நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் அவளும் பி.டி. மாஸ்டரும் டவுன் ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் முப்பது வருஷம் துணி கிழித்தவர். துண்டைக் கையில் வாங்கியதும் அவர் முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு காணாமல் போனது.

“இந்தக் கலர் எந்த மில்லுல வருது?”

“அதைக் கேக்கத்தானே உங்ககிட்ட வந்தோம்.”

அவர் ஏணி போட்டு ஏறிப் பதினோரு பீஸ் இறக்கினார். ஒவ்வொன்றின்மேலும் துண்டை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று கொஞ்சம் பச்சையடித்தது, ஒன்று செம்மண்ணாகப் போனது, ஒன்று கிட்டத்தட்ட வந்து கடைசி நேரத்தில் காலை வாரியது.

“டீச்சர், இது கடையில கிடைக்கற கலர் இல்ல” என்றார் கடைக்காரர், பீஸ்களைச் சுருட்டிக்கொண்டே. “இதை யாரோ உக்காந்து யோசிச்சு உண்டாக்கியிருக்காங்க. பெரிய மூளைங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது டீச்சர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்குகிற இடம் வந்ததும், “மாஸ்டர், உங்ககிட்ட பழைய வெள்ளைச் சட்டை இருக்கா?” என்றாள்.

“இருக்கு. ஏன்?”

“நாளைக்கு எடுத்துட்டு வாங்க. நாமளே சாயம் போடப்போறோம்.”

அந்த ஆள் வெகுளி. பழைய சட்டை இருக்கிறது என்று சொன்னாரே தவிர, மறுநாள் மாட்டிக்கொண்டு வந்தது ஒரே ஒரு நல்ல சட்டையை. அறிவியல் ஆய்வகத்தில் அது கழற்றப்பட்டது. டீத்தூள் கொதித்த தண்ணீரில் முங்கி எழுந்தது. துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த தண்ணீரில் இறங்கியதும் கண்ணெதிரிலேயே கறுத்தது. மாஸ்டர் பனியனோடு நின்று கையைப் பிசைந்தார்.

“டீச்சர், இது என் தங்கச்சி எடுத்துக் குடுத்த சட்டை.”

“உங்க தங்கச்சிக்கு நான் சொல்லிக்கறேன். அந்தச் சொட்டு நீலத்தை எடுங்க.”

ஈரத்தில் அப்படியே மாதிரித் துணி மாதிரி இருந்தது. மாஸ்டர் துள்ளிக் குதித்தார். காய்ந்ததும் பார்த்தால் எருமை நிறம். அடுத்த நாள் அதே சட்டையை வெளுத்து மறுபடி முக்கினாள். அதற்கடுத்த நாளும். சனிக்கிழமை பள்ளி விடுமுறை, அவளுக்கு இல்லை. ஆய்வக வாசலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, டீயில் ஏழு நிமிஷம், ஆணித் தண்ணீரில் நாற்பது எண்ணும்வரை, நீலம் ஒரு வாளிக்கு இரண்டே சொட்டு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில், காய்ந்தபிறகும் சாயம் கிட்டத்தட்ட நின்றது. கைவிரலெல்லாம் கறுத்துப்போய், முகத்தில் மட்டும் அப்படியொரு வெளிச்சம். செய்முறையைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். தப்பு அங்கேதான் நடந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளின் எண்பத்திரண்டு வெள்ளைச் சீருடைச் சட்டைகளும் வந்து சேர்ந்தன. ஆளுக்கு ஒன்றுதான் உண்டு, மாற்றுக்குக் கிடையாது. டீச்சர் ஆறாம் வகுப்பில் பொத்தான் துளை போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதிய மணி அடித்ததும் ஐந்து ஐந்தாக முக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். பிறத்தியார் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார முடியாதவர். கரும்பலகையைப் படித்தார். சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டினார்.

“மாஸ்டர், பாவம் அந்தம்மா எவ்வளவுதான் செய்யும்? நாம முடிச்சு வெச்சுடுவோம்.”

“எல்லாத்தையுமா சார்?”

“பின்ன, ஒண்ணொண்ணா தாலாட்டிக்கிட்டா இருக்க முடியும்?”

எண்பத்திரண்டும் ஒரே அண்டாவில் இறங்கின. அடியில் இருந்தது வெந்தது, மேலே இருந்தது மிதந்தது, நடுவில் இருந்தது முறுக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையில் போன் அடித்தது. தலைமையாசிரியர் ஓடினார். பேசி முடித்துத் திரும்பி வர ஏழு நிமிஷம் இருபத்தெட்டாக ஆகியிருந்தது.

டீச்சர் வந்தபோது மைதானக் கொடி முழுக்கச் சட்டைகள். ஒன்று காக்கி, ஒன்று புகை, ஒன்று தேன், ஒன்று பாதி கறுப்பு பாதி வெள்ளை. எண்பத்திரண்டு சட்டை, எண்பத்திரண்டு நிறம். தலைமையாசிரியர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“சார், வெளிய வாங்க.”

வந்தார். முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியிருந்தது.

“உதவி பண்ணலாம்னுதான் டீச்சர்...”

“எழுதி வெச்சதைப் படிச்சீங்களா இல்லையா?”

“படிச்சேன்.”

“எங்கயாவது ‘எல்லாத்தையும் ஒண்ணாப் போடவும், போட்டுட்டுப் போன் பேசப் போகவும்’னு எழுதியிருந்தேனா?”

“இல்ல டீச்சர்.”

அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. ஆனாலும் வீட்டுப்பாடம் எழுதாத பையனைப்போல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கோபம் பாதியிலேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதியை விழுங்கிவிட்டுக் கொடியைப் பார்த்தாள்.

மறுநாள் பிள்ளைகள் வீட்டுத் துணியில் வந்தார்கள். பள்ளிக்கூடம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. வாசலில் வைத்துச் சீருடை பார்க்கும் பி.டி. மாஸ்டர் யாரைத் திட்டுவது என்று புரியாமல், வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான்.

டீச்சர் சட்டைகளைத் தரையில் பரப்பினாள். வெளுத்ததிலிருந்து கறுத்ததுவரை வரிசை பிடித்தாள். எண்பத்திரண்டையும் ஒன்பது குவியலாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வைத்தியம் எழுதினாள். ‘ஒன்று: டீ மூன்று நிமிஷம். இரண்டு: ஆணித் தண்ணீர் பத்து எண்ண. ஏழு: முழுக்க வெளுத்து முதலிலிருந்து.’ பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் வாயில் கைவைத்துக்கொண்டாள். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் தனக்கு இப்படி ஒரு கணக்கு வராது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

சேதி ஊருக்குள் போய்விட்டது. அம்மாக்கள் வந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டா பக்கத்தில் நின்றாள்.

“என் பொண்ணு பத்தாவது முடிக்கணும் டீச்சர். சட்டை என்ன பெரிய சட்டை, வேணும்னா என் தோலையே இந்தக் கலருக்கு மாத்திக்கறேன்.”

“தோலு வேண்டாம்மா. நீங்க நாப்பது வரைக்கும் நிதானமா எண்ணுங்க, அது போதும்.”

எண்ணினாள். அப்படி ஒரு நிதானம் எந்தக் கடிகாரத்துக்கும் வராது. ஒன்பது அண்டா, ஒன்பது அம்மாக்கள், நடுவில் ஊசி டீச்சர் ஓடிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் ஒன்பது குவியலும் ஒன்றாகிவிட்டன. அந்த வேலையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

ஆனால் டீச்சர் மட்டும் துண்டைச் சட்டையில் வைத்துவைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னும் என்ன டீச்சர்? நூல் பிசகல” என்றார் தலைமையாசிரியர்.

“இல்ல சார். மாதிரியில ஒரு மினுமினுப்பு இருக்கு. இதுல இல்ல.”

“அது நம்ம கண்ணுக்குத்தான் தெரியும். அதிகாரி கண்ணுக்குத் தெரியாது.”

“எவ்வித மாறுபாடும்னு போட்டிருக்கே!”

மினுமினுப்பு தற்செயலாகத்தான் சிக்கியது. வியாழக்கிழமை காலையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு ஒரு சட்டையைத் தொட்டுவிட்டாள். விரல் பட்ட இடம் அசல் மாதிரித் துணி. டீச்சர் துண்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு, “வெந்நீர் வைங்க!” என்று கத்தினாள். கடைசி அலசலில் வாளிக்கு மூன்று சொட்டு மெஷின் எண்ணெய் விழுந்தது.

“சர்க்கார் எதுக்கு எண்ணெய் போட்டுத் துணி நெய்யுது?” என்று கேட்டார் பி.டி. மாஸ்டர்.

“மழையில நனையாம இருக்க” என்றார் தலைமையாசிரியர். எதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதோடு விட்டிருக்கலாம். துண்டைக் கையில் வாங்கி மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார். “டீச்சர், ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு இருக்கே, பாத்தீங்களா?”

டீச்சர் அதை முன்னமே பார்த்திருந்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

“அழுக்கா இருக்கும் சார்.”

“மாதிரித் துணில அழுக்கு எப்படி வரும்? டிசைன். சாய்வா, அரை விரல் நீளத்துக்கு, பென்சில் கனத்துல. எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாருங்க!”

மணி பதினொன்று. பத்தாம் வகுப்புப் பெண்கள் பதினோரு பேரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பத்தொன்பது வருஷமாக ‘தையல் எதுக்கு டீச்சர்’ என்று கேட்டுக்கொண்டே டீச்சர் கற்றுக்கொடுத்ததைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக வந்தவர்கள் இவர்கள். கறுப்பு நூலில், இடது பைக்கு மேலே, சாய்வாக, அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு. மணி நாலடிப்பதற்குள் எண்பத்திரண்டு கோடும் முடிந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒரே ஒரு தையலைக்கூடப் பிரிக்கச் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று பெண்களுக்குத் தெரியும். ஒருத்தி அழுதேவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். குட்டையான மனிதர், தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பி, நெற்றியில் நிரந்தரமாக மூன்று சுருக்கம். பின்னால் டிரைவர் கோப்புகளைச் சுமந்துகொண்டு வந்தார்.

“பதினேழு பள்ளியில உங்களோடதுதான் முதல்ல பாக்கறேன்” என்றார் அதிகாரி. “இந்தச் சீருடைத் திட்டம் நானே முன்ன நின்னு கொண்டுவந்தது. நிறம் மட்டும் மேலிடத்துல முடிவு பண்ணாங்க, நானே இன்னும் பாக்கல. மாதிரியைக் கொண்டாங்க.”

தலைமையாசிரியர் துண்டை இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி அதைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் நாலானது. மேலிடத்தின் ரசனையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவர், மேலிடம் என்பதால் விழுங்கிவிட்டார்.

மைதானத்தில் எண்பத்திரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு, ஒரே சாய்வில் எண்பத்திரண்டு கோடு. அதிகாரி வரிசையில் நடந்தார். செங்கல் சூளைக்காரம்மாவின் மகளுக்கு முன்னால் வந்து நின்றார். துண்டை அவள் தோளில் வைத்தார். வைத்தவர் கண்ணைக் கசக்கினார். குனிந்தார். நிமிர்ந்தார். தரையைப் பார்த்தார்.

“மாதிரித் துணி எங்கய்யா?”

“உங்க கண்ணு முன்னாலதான் சார் இருக்கு” என்றார் தலைமையாசிரியர்.

“எங்க?”

“தோள்ல சார்.”

அதிகாரி விரலால் தடவித்தான் அதைக் கண்டுபிடித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ். சுற்றறிக்கையைப் படிக்கற பள்ளிக்கூடத்தையே நான் பாத்ததில்ல. யார் பண்ணது இது?”

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். டீச்சர் கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதிகாரி அங்கேயே, பி.டி. மாஸ்டர் முதுகைக் குனிந்து கொடுக்க, அதன்மேல் கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதும் பத்தும் தொடரும். குறிப்பில், ‘தையல் ஆசிரியையைப் பணி நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்’ என்று தானாகவே ஒரு வரி சேர்த்தார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூரை ஓடு இரண்டு நகர்ந்தது. சூளைக்காரம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று நாற்பதுவரை எண்ணிவிட்டு அழ ஆரம்பித்தாள். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அதிகாரியோடு உள்ளே போனார்.

டீச்சர் தனியாக வேப்பமரத்து நிழலில் நின்று மூச்சுவிட்டாள். ஜீப் டிரைவர் அவளிடம் மெதுவாக வந்தார். ஐம்பது வயசிருக்கும். அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டார்.

“டீச்சர், உங்க கால்ல விழணும் போல இருக்கு.”

“ஐயோ, என்னங்க இது!”

“மாதிரி வெட்டிக் குத்தற வேலையை ஆபீசுல என் தலையில கட்டுனாங்க. மேலிடத்துல இருந்து வந்த துணி எட்டு ஸ்கூலுக்குத்தான் பத்துச்சு. சொன்னா அய்யா கத்துவாரு. அதான் மீதி ஒன்பதுக்கும் கையில கிடைச்சதை வெட்டிக் குத்திட்டேன். உங்களுக்கு வந்தது என் வண்டித் துணி. ரெண்டு வருஷமா தொடச்சுத் தொடச்சு ஏறின கலரு அது. அந்தக் கோடு, எஞ்சின் ஆயில் அளக்கற கம்பியைத் தொடச்சது. நீங்க பதினோரே நாள்ல கொண்டாந்துட்டீங்களே, தாயே!”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். மைதானத்தில் எண்பத்திரண்டு வண்டித் துணிகள் கைகோத்துக்கொண்டு குதித்தன. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இருபத்து மூன்று பெண்களின் தலையை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். சரியாக இருந்தது.

உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் கணீரென்று கேட்டது. “நேரா அடுத்த பள்ளிக்கு விடச் சொல்லுங்க டிரைவரை! அந்த ஹெச்.எம். இவரைவிடக் கண்டிப்பானவர். மாதிரி எப்படியோ, அப்படியே அச்சா தெச்சு நிறுத்தியிருப்பார். பாக்கணும் நான்!”

டிரைவர் முகம் வெளிறிவிட்டது. டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அவங்களுக்கு என்னத்தைக் குத்தி அனுப்பினீங்க?”

“வண்டி தொடைக்கன்னு அய்யா வீட்டம்மா குடுத்த பழைய நைட்டி, டீச்சர். மஞ்சப் பூப் போட்டது.”